பத்தி கலைகிறது, பக்கம் தள்ளிப்போகிறது: தமிழும் பர்மியமும் கலந்த கோப்புகளைச் சரிசெய்யும் முறை

யாங்கூனில் எங்கள் கோயில் திருவிழா மலர், உபயதாரர் பட்டியல், கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பின் பயிற்சித் தாள் எல்லாவற்றையும் கணினியில் அடுக்கித் தருவது பல ஆண்டுகளாக என் வேலை. மாசி பிறந்ததும் பென்டிரைவ்களும் வைபரில் அனுப்பிய கோப்புகளும் வந்து குவியும். ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழாவுக்கு அச்சகங்கள் கதவைச் சாத்துவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். வருகிற கோளாறுகளை எண்ணினால் பதினொன்றுதான் இருக்கும். அனுப்புகிற ஆள் மாறுவார், கோளாறு மாறாது.

உங்கள் பக்கத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் சொல்லியிருப்பது சுலபமானது. அது சரிவராவிட்டால் மட்டும் அடுத்ததற்கு இறங்குங்கள். மைக்ரோசாப்ட் வேர்டை வைத்துத்தான் சொல்கிறேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் வழி வேறாக இருந்தால் அதையும் சேர்த்திருக்கிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்

கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் வரவழையுங்கள். வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். ரைட்டரில் கண்ட்ரோலும் எஃப்10-உம். சொற்களுக்கு நடுவே சின்னப் புள்ளி தெரிந்தால் அது ஸ்பேஸ் பார். அம்புக்குறி என்றால் டேப். வரி முடிவில் வளைந்த அம்பு இருந்தால் யாரோ ஷிப்ட்டுடன் என்டர் தட்டியிருக்கிறார்கள். ¶ குறி வருகிற இடத்தில்தான் பத்தி உண்மையில் முடிகிறது.

இந்தக் குறிகளைப் பார்க்காமல் சரிசெய்ய உட்கார்ந்தால் பாதி ராத்திரி போய்விடும். பார்த்தபின் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் கண்ணெதிரே நிற்கும்: பத்தி அமைப்பு செய்ய வேண்டிய வேலையை ஸ்பேஸ் பாரும் என்டரும் செய்துகொண்டிருக்கும்.

## அறிகுறி: எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படுகிறது

தமிழுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. ஆங்கிலத்தில் மேலே ஒரு கோடு குறைந்தாலும் படித்துவிடலாம். நம் எழுத்தில் மேலே போவது புள்ளி. புள்ளி போனால் முத்து முதது ஆகிவிடும். மீனாவின் சுழி வெட்டுப்பட்டால் மினா என்று படிப்பார்கள். ஒருமுறை அச்சாகி வந்த பட்டியலைக் கையில் எடுத்த பெரியவர் ஒருவர் விரலை வைத்துக் காட்டி, “தம்பி, எங்க அப்பா பேருல புள்ளியைக் காணோமே” என்றார். பெயரில் 3 புள்ளிகள் இருந்தன, மூன்றும் போயிருந்தன. அந்தப் பக்கத்தை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எல்லா வரியிலும் வெட்டுகிறதா? பத்தியில் வலது சொடுக்கு செய்து பாராகிராப் பெட்டியைத் திறந்து லைன் ஸ்பேசிங்கைப் பாருங்கள். ‘எக்ஸாக்ட்லி’ என்று இருந்து பக்கத்தில் 12 பாயின்ட், 14 பாயின்ட் போன்ற சின்ன எண் இருந்தால் அதுதான் காரணம். ‘சிங்கிள்’ என்று மாற்றினாலே புள்ளி திரும்பி வரும். ‘மல்டிபிள்’ என்று இருந்து 0.9, 0.8 என ஒன்றுக்குக் குறைவாக இருந்தாலும் இதே கதைதான். பக்க எண்ணிக்கையைக் குறைக்க யாரோ வரிகளை நெருக்கியிருப்பார்கள். பக்கம் குறைய வேண்டுமென்றால் ஓரத்தைக் குறையுங்கள், எழுத்தை அரைப் பாயின்ட் குறையுங்கள். வரியை நெருக்காதீர்கள்.

அட்டவணைக்குள் மட்டும் வெட்டுகிறதா? வரிசையின் உயரம் பூட்டப்பட்டிருக்கும். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரோ’ பகுதிக்குப் போய் ‘எக்ஸாக்ட்லி’யை ‘அட் லீஸ்ட்’ ஆக்குங்கள்.

படம் ஒரு கீற்றாக மட்டும் தெரிகிறதா? தேர்ப் படத்தைச் சேர்த்தேன், கலசம் மட்டும்தான் தெரிகிறது என்று கேட்பார்கள். அதுவும் எக்ஸாக்ட்லிதான். வரியின் உயரத்துக்கு மேல் படத்தைக் காட்டாது. படம் இருக்கும் பத்தியை மட்டும் சிங்கிள் ஆக்கினால் போதும்.

திரையில் வெட்டுகிறது, ஆனால் அமைப்பு சரியாக இருக்கிறதா? பிடிஎஃப்பாகச் சேமித்து 200 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். அதில் முழுதாக இருந்தால் திரைக் கோளாறு மட்டும்தான், விட்டுவிடலாம். பிடிஎஃப்பிலும் வெட்டினால் எழுத்துருவே சரியில்லை. நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: ஒரே பத்தியில் சில வரிகள் மட்டும் விலகி நிற்கின்றன

நம் ஊர்க் கோப்புகளில் மட்டும் இது இவ்வளவு அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. விலகி நிற்கும் வரிகளைக் கவனியுங்கள். அவற்றில் ஒரு பர்மியச் சொல் இருக்கும்: தெருப் பெயர், வட்டாரப் பெயர், யாராவது ஒருவரின் பர்மியப் பெயர். பர்மிய எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கு வரும் என்பதால் அதன் எழுத்துருக்கள் மேலும் கீழும் தாராளமாக இடம் எடுத்துக்கொள்கின்றன. ஒரு சொல் வந்தாலும் அந்த வரி முழுவதும் உயர்ந்துவிடும்.

முதலில் இரண்டு மொழிக்கும் நீங்களே எழுத்துரு தேர்ந்தெடுங்கள். வேர்டும் ரைட்டரும் தமிழையும் பர்மியத்தையும் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கின்றன. பத்தி முழுவதற்கும் லதா என்ற தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால், அதில் பர்மிய எழுத்து கிடையாது. உடனே நிரல் தனக்குக் கிடைத்த வேறொரு எழுத்துருவைப் பர்மியச் சொல்லுக்குப் போட்டுவிடும். என்ன போட்டது என்று நமக்குத் தெரியாது, அடுத்த கணினியில் அது வேறாகவும் இருக்கும். ஆகவே பர்மியச் சொற்களுக்கென்று ஒரு கேரக்டர் ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்து வைக்கும் எழுத்தமைப்பு) உருவாக்கி, அதில் மியான்மர் டெக்ஸ்ட்டையோ பிடவுங்சுவையோ போட்டு, தமிழைவிட ஒரு பாயின்ட் சின்னதாக வையுங்கள். பாதி வித்தியாசம் இதிலேயே போய்விடும்.

மீதி வித்தியாசத்துக்கு மட்டும் எக்ஸாக்ட்லி பயன்படும். மேலே திட்டிய அதே அமைப்புதான், ஆனால் தாராளமான எண்ணோடு. தமிழ் 11 பாயின்ட் என்றால் நான் 20 பாயின்ட்டில் தொடங்கி, புள்ளியும் பர்மிய அடுக்கின் கீழ்ப்பகுதியும் முழுதாகத் தெரிகிறதா என்று ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன்.

எழுத்துருவையோ அளவையோ மாற்றினாலும் தமிழ் அசையவே இல்லையா? அதற்கும் அந்தப் பெட்டிதான் காரணம். வேர்டில் கண்ட்ரோலும் டி-யும் அழுத்தி, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் மாற்றுங்கள். ரைட்டரில் முதலில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கிவிட வேண்டும். அப்புறம்தான் அந்தப் பகுதியே கண்ணில் படும்.

## அறிகுறி: சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி

ஒரு வரியில் மட்டும், அதுவும் பத்தியின் நடுவில்: அந்த வரி முடிவில் வளைந்த அம்பு இருக்கும். இருபுறமும் சமன் செய்த பத்தியில் ஷிப்ட்டுடன் என்டர் தட்டினால் அந்த வரியை ஓரம்வரை இழுத்துவிடும். அம்பை அழித்துவிட்டு வெறும் என்டர் தட்டுங்கள். பாடல் வரிகளாக இருந்து நிறைய அம்புகள் இருந்தால், அந்தப் பத்தியை இடப்பக்கச் சீராக்கினால் போதும். தேவாரப் பாடல்களை இருபுறமும் சமன் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

பல வரிகளில், பக்கம் முழுக்க: வரியின் அகலம் தமிழுக்குப் போதவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ5 தாள் 14.8 செ.மீ. அகலம். இருபுறமும் 1.5 விட்டால் மிஞ்சுவது 11.8. இதைச் செய்தித்தாள் போல இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து நடுவில் 0.8 விட்டால் ஒவ்வொன்றும் 5.5 செ.மீ. ‘திருக்கல்யாண உற்சவத்தை முன்னிட்டு நடைபெறவிருக்கும்’ என்பதை 5.5 செ.மீ.க்குள் சமன் செய்யச் சொன்னால் ஒரு வரியில் இரண்டு சொல்தான் நிற்கும், நடுவில் ஒரு விரல் இடைவெளி விழும். முதலில் இடப்பக்கச் சீராக்குங்கள். அதுவும் அழகாக இல்லையென்றால் ஒரே நெடுவரிசையாக மாற்றிவிடுங்கள். சிறு மலருக்கு ஒரே நெடுவரிசைதான் நல்லது என்பது என் கருத்து.

பர்மிய வாசகத்துக்கு முந்தைய வரியில் மட்டும்: பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை, சொற்றொடருக்குச் சொற்றொடர்தான் விடுவார்கள். அந்த இடமும் இல்லாமல் ஒட்டி அடித்திருந்தால் சில பழைய பதிப்புகள் மொத்தத்தையும் ஒரே சொல்லாக நினைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். பர்மியம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, எங்கே இடம் விடலாம் என்று கேட்டு விடுங்கள். நீங்களாக நடுச்சொல்லில் வெட்டாதீர்கள்.

## அறிகுறி: பட்டியலில் தொகைகள் நேராக நிற்கவில்லை

பெயர், புள்ளி வரிசை, 50,000 கியாட். அடுத்த பெயர், புள்ளி வரிசை, 100,000 கியாட். திரையில் ஒருவழியாக நேராக்கியிருப்பார்கள். அச்சிட்டால் தொகைகள் பாம்பு போல நெளியும். குறிகளை வரவழைத்தால் ஸ்பேஸ் பாரும் முற்றுப்புள்ளியும் நூற்றுக்கணக்கில் இருக்கும். தமிழில் ‘ஞா’வும் ‘ர’வும் ஒரே அகலம் இல்லை. புள்ளியை எண்ணி அடித்து எந்தக் காலத்திலும் நேராக்க முடியாது.

பெயருக்கும் தொகைக்கும் நடுவே இருப்பது அத்தனையையும் அழித்துவிட்டு ஒரே ஒரு டேப் தட்டுங்கள். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, பாராகிராப் பெட்டியின் அடியில் இருக்கும் ‘டேப்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். ஏ4 தாளில் இருபுறமும் 2.5 செ.மீ. ஓரம் என்றால் எழுத்துப் பகுதி 16 செ.மீ. ஆகவே இடம் 16, சீர் ‘ரைட்’, லீடரில் புள்ளி வரிசை, அப்புறம் ‘செட்’. நூறு பெயரும் ஒரே நொடியில் வரிசையில் நிற்கும். அச்சுக்குப் போகும் கடைசி நாளில்கூட யாராவது பணம் கட்டிவிட்டுப் பெயர் சேர்க்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு பெயரைச் சேர்த்தாலும் மற்றவை அசையாது.

பெயருக்கும் தொகைக்கும் மேல் மூன்றாவதாக ஊரும் வருகிறதென்றால் டேப்போடு போராட வேண்டாம். அட்டவணை போட்டுக் கோடுகளை மறைத்துவிடுங்கள்.

## அறிகுறி: பத்திகளுக்கு நடுவே வேண்டாத இடைவெளி

குறிகளில் வெற்று ¶ வரிசையாக இருக்கிறதா? ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் ‘ஸ்பெஷல்’ பொத்தான் வழியாகப் பாராகிராப் மார்க்கை இரண்டு முறை போட்டுத் தேடி, ஒன்றாக மாற்றுங்கள். இல்லையென்றால் அது வேர்டின் இயல்பு. 2007 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் அதுவாகவே இடம் விடுகிறது. ‘ஸ்பேசிங் ஆஃப்டர்’ எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு பத்தியாகச் செய்யாமல் ‘நார்மல்’ ஸ்டைலில் ஒரே இடத்தில் செய்யுங்கள்.

## அறிகுறி: நடுவிலோ கடைசியிலோ வெற்றுப் பக்கம்

- வெற்று என்டர்கள் அடுத்த பக்கத்துக்கு வழிந்திருக்கலாம். அழித்துவிடுங்கள்.
- பேஜ் பிரேக், செக்ஷன் பிரேக் என்ற எழுத்து புள்ளிக்கோட்டுடன் தெரிந்தால், வேண்டாததை அழியுங்கள். செக்ஷன் பிரேக் ‘ஆட் பேஜ்’ வகையாக இருந்தால் அடுத்த பகுதியை ஒற்றைப்படைப் பக்கத்தில்தான் தொடங்கும். நடுவில் ஒரு பக்கத்தைக் காலியாக விடுவது அதனால்தான். ‘நெக்ஸ்ட் பேஜ்’ ஆக மாற்றலாம். ஆனால் செக்ஷன் பிரேக்கை அழித்தால் முன்பகுதியின் ஓரமும் தாள் திசையும் பின்பகுதியைப் போல மாறிவிடும். அழித்ததும் மேலே போய் ஒருமுறை பாருங்கள்.
- கோப்பு அட்டவணையோடு முடிகிறது, அதன் கீழ் ஒரு ¶ அழியவே மாட்டேன் என்கிறது. அட்டவணைக்குப் பின் ஒரு பத்தி இருந்தே தீரும், அது வேர்டின் விதி. அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 பாயின்ட் ஆக்கி, ஸ்பேசிங்கைப் பூஜ்யமாக்குங்கள். பக்கம் மறைந்துவிடும்.

## அறிகுறி: தலைப்பு பக்கக் கடைசியில் தனியாக நிற்கிறது

தலைப்புக்கு ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுங்கள், கீழே உள்ள பத்தியோடு ஒட்டிக்கொண்டு போகும். என்டர் தட்டித் தள்ளாதீர்கள். மேலே ஒரு வரி சேர்த்தால் அந்தத் தலைப்பு பக்க நடுவில் வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறாக, பாதிப் பக்கம் காலியாக விட்டுவிட்டு ஒரு பெரிய பகுதி மொத்தமாக அடுத்த பக்கத்துக்குத் தாவினால், யாரோ எல்லாப் பத்திக்கும் கீப் வித் நெக்ஸ்ட் கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் எடுத்துவிட்டுத் தலைப்புகளுக்கு மட்டும் கொடுங்கள்.

## அறிகுறி: வீட்டில் சரியாக இருந்தது, கடையில் கலைந்துவிட்டது

அச்சுக்கடையில் வரிசையில் நின்று, நமது முறை வரும்போது 16 பக்கம் 18 ஆகியிருக்கும். கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம், இந்த வரிசையில் பாருங்கள்.

தாள் அளவு: இணையத்திலிருந்து எடுத்த மாதிரிக் கோப்புகள் பல ‘லெட்டர்’ அளவில் இருக்கும், அதாவது 216 × 279 மி.மீ. ஏ4 என்பது 210 × 297. உயரத்தில் 18 மி.மீ. வித்தியாசம், அதாவது பக்கத்துக்கு மூன்று வரி. லேஅவுட்டில் ‘சைஸ்’ போய் ஏ4 ஆக்குங்கள்.

எழுத்துரு: உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு கடையில் இருக்காது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ‘சேவ்’ பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் வசதி இருக்கிறது, டிக் செய்துவிட்டுச் சேமியுங்கள். இதைவிட உறுதியான வழி பிடிஎஃப். நான் கடைக்கு இரண்டையும் கொண்டுபோவேன்: அச்சிட பிடிஎஃப், திருத்தம் வந்தால் வேர்டு கோப்பு.

அச்சிடும் பெட்டி: ‘ஃபிட்’ என்று இருந்தால் பக்கத்தைச் சுருக்கிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ கேளுங்கள்.

## அறிகுறி: மடித்த புத்தகத்தில் பக்க வரிசை குழம்புகிறது

ஏ4 தாளை மடித்து ஏ5 புத்தகம் செய்கிறீர்களென்றால் ஒரு தாளுக்கு 4 பக்கம். ஆகவே மொத்தப் பக்கம் 4-ஆல் வகுபட வேண்டும். 18 பக்கம் வந்தால் 16 ஆக்குங்கள், அல்லது 20 ஆக்கி வாழ்த்துச் செய்திக்கு இடம் கொடுங்கள். வேர்டில் மார்ஜின்ஸ், ‘கஸ்டம்’, மல்டிபிள் பேஜஸ் என்ற இடத்தில் ‘புக் ஃபோல்ட்’ தேர்ந்தெடுத்தால் அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். ரைட்டரில் அச்சிடும் பெட்டியில் ‘பிரோஷர்’ இருக்கிறது.

பின்பக்கம் தலைகீழாக வந்தால் கோப்பில் எந்தக் குறையும் இல்லை. இருபக்க அச்சில் ‘ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்’ என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு தாளை அச்சிட்டு, மடித்து, கையில் புரட்டிப் பார்த்தபின் 300 பிரதிக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி: எழுத்தே எழுத்தாக இல்லை

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. இப்போதைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு மாற்றுங்கள், மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

பர்மியம் உடைந்து, வட்டமான புள்ளிக்கோடுகள் தெரிகின்றன: பெரும்பாலும் ஸோஜீ எழுத்துருவில் அடித்தது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய கோயில் கோப்புகளில் பல இன்னும் ஸோஜீயில்தான் இருக்கின்றன. எழுத்துருவை மட்டும் மாற்றினால் சரியாகாது, எழுத்துகளையே மாற்றுக் கருவியில் போட்டு மாற்ற வேண்டும். கோப்பு முழுவதையும் போடாமல் பர்மியப் பகுதிகளை மட்டும் போடுங்கள். இரண்டு வகையும் ஒரே கோப்பில் கலந்திருந்தால் நீங்களாக முயல வேண்டாம், பர்மியத் தட்டச்சு செய்பவரிடம் கொடுத்துப் புதிதாக அடித்து வாங்குவதே மலிவு. இடுகாட்டுப் பதிவு, திருமணப் பதிவு போன்றவற்றில் ஒரு பெயர் தவறினாலும் ஒரு குடும்பத்துக்குப் பின்னால் சிக்கல் வரும்.

## அறிகுறி: மின்வெட்டுக்குப் பின் கோப்பு திறக்கவில்லை, அல்லது எதைச் செய்தாலும் திரும்பக் கலைகிறது

ஃபைல், ‘ஓப்பன்’ போய், கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பொத்தானின் பக்கத்து அம்பில் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ அழுத்துங்கள். அது நடக்காவிட்டால் ரைட்டரில் திறந்து பாருங்கள். வேர்டு கைவிட்ட பல கோப்புகளை அது திறந்திருக்கிறது. தானாகச் சேமிக்கும் நேரம் வழக்கமாக 10 நிமிடம் என்றிருக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது அதிகம், 2 ஆக்குங்கள்.

திறந்தும் அமைப்பு நிற்கவில்லை என்றால் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். தலைப்பு, பத்தி, பாடல், பட்டியல், பர்மியம் என்று ஐந்து ஸ்டைல் மட்டும் வைத்து மறுபடி அடுக்குங்கள். 20 பக்க மலருக்கு ஒரு மாலை பிடிக்கும்.

அட்டை வண்ணத்தில் ஓரம்வரை போக வேண்டும், அச்சகம் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் கேட்கிறது, ஒவ்வொரு பக்கத்திலும் நான்கைந்து படம் என்ற நிலை வந்துவிட்டால் வேர்டை அங்கேயே நிறுத்திவிட்டு டிடிபி செய்பவரிடம் போங்கள். போகும்போது பிழை திருத்திய வெறும் எழுத்துக் கோப்பு ஒன்று, படங்கள் தனி உறையில், எழுத்துரு, நீங்கள் விரும்பும் அமைப்பில் அச்சிட்ட ஒரு தாள். அந்தத் தாளில் பெயர்களின் புள்ளிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே அடுக்குகிறார்கள், அப்போதுதான் எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.